கைரேகை கடல் தாண்டுகிறது, காவல் எங்கே?

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் தொழிலாளி வர்க்கம் மறக்க முடியாத மாதம். அம்மாதம் 21-ந் தேதி, 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புச் சட்டங்களை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. நாடெங்கும் தொழிலாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னதாக, 14-ந் தேதி, இன்னொரு காரியமும் சந்தடியில்லாமல் நடந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் அரசிதழில் வெளியாயின. ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பெயரைக் கேட்டால், ஏதோ படித்தவர்கள், வசதி படைத்தவர்கள் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் சட்டத்தின் சூடு முதலில் படப்போவது உழைப்பாளி மக்கள் மீதுதான். அதை விளக்கிச் சொல்வது நமது கடமை.

"கூலிக்காரனிடம் திருடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சில தோழர்கள் கேட்கலாம். சேந்தமங்கலம் வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் விடை கிடைத்துவிடும். ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி. நூற்பாலை வாசலில் விரலோ முகமோ காட்டினால்தான் ஷிப்டுக் கணக்கு. நூறு நாள் வேலையில், செல்போன் செயலியில் போட்டோ பிடித்தால்தான் வருகைப் பதிவு என்று 2023 ஜனவரி 1 முதலும், ஆதாரோடு இணைந்த கணக்கில்தான் கூலி என்று 2024 ஜனவரி 1 முதலும் கட்டாயப்படுத்தினார்கள். கடைசியில் 2025 டிசம்பரில் அந்த வேலை உறுதிச் சட்டத்தையே தூக்கியெறிந்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். கூலி பாக்கி கிடந்தது. பிடித்த போட்டோவும் வாங்கிய விவரமும் எங்கே போயின என்று சொல்வார் இல்லை.

குழுக் கடன் கொடுக்கும் கம்பெனியின் ஏஜெண்டு நம் பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கிறார். ஆதார் எண், வாக்காளர் அட்டை, கணவன் பெயர், குடும்ப வருமானம், ஏற்கெனவே உள்ள கடன் எல்லாம் அவர் கையிலுள்ள கருவிக்குள் போகின்றன. சேகோ ஆலையில் மூட்டை தூக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியின் ஆதார் நகல் காண்டிராக்டரின் செல்போனில் கிடக்கிறது. கொல்லிமலை மலையாளி மக்களின் சாதிச் சான்று, நிலப் பட்டா, பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகைக் கணக்கு ஆகிய யாவும் இன்று கம்ப்யூட்டர் பதிவுகளே.

ஆக, ஏழையிடம் விவரம் இல்லை என்பது பொய். பணக்காரனுக்கு விருப்பமிருந்தால் விவரம் தருகிறான். ஏழை விவரம் தந்தால்தான் அரிசி, கூலி, கடன், மருந்து! பணம் திருட்டுப் போனால் மறுபடி உழைத்துச் சம்பாதிக்கலாம். ரேஷன் அட்டை தொலைந்தால் வேறு அட்டை வாங்கலாம். விரல் ரேகை களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

எல்லை கடக்கும் விதம்

இந்த விவரங்கள் அந்தந்த அலுவலகத்து அலமாரியிலேயே இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. ஆலை முதலாளி ஒரு கம்பெனியிடமிருந்து வருகைப் பதிவு இயந்திரத்தை வாங்குகிறார். அந்தக் கம்பெனி சம்பளக் கணக்கை இன்னொரு கம்பெனியின் சர்வரில் வைக்கிறது. சர்வர் என்பது லட்சக்கணக்கானவர்களின் கணக்கைச் சேமித்து வைக்கும் பெரிய கம்ப்யூட்டர். அது மும்பையில் இருக்கலாம். சிங்கப்பூரிலோ அயர்லாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கலாம். உலகத்தில் இத்தகைய சர்வர்களை வாடகைக்கு விடும் தொழிலில் அமேசான், மைக்ரோசாப்ட், கூகிள் என்ற மூன்று அமெரிக்க ஏகபோகங்கள்தான் முன்னணியில் நிற்கின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சர்வர் நம் நாட்டிலேயே இருந்தாலும், வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தம் திரையில் அதைத் திறந்து பார்க்க முடிந்தால், விவரம் எல்லை கடந்துவிட்டது என்றே பொருள். டிக்டாக் கம்பெனி இதில்தான் மாட்டிக்கொண்டது. ஐரோப்பிய மக்களின் விவரங்களைச் சீனாவிலுள்ள ஊழியர்கள் திறந்து பார்க்க விட்டதற்காக, அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் அதற்கு 53 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆகவே பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. சாவி யார் கையில் என்றும் கேட்க வேண்டும்.

நான்கு பூட்டுகள்

எல்லை தாண்டும் விவரத்தைக் கம்பெனிகள் எப்படிப் பாதுகாக்கின்றன? அவை சொல்லும் முறைகள் முக்கியமாக நான்கு.

முதலாவது, ஒப்பந்தம். விவரத்தை அனுப்புகிற கம்பெனியும் வாங்குகிற கம்பெனியும் கையெழுத்துப் போடுகின்றன. எதற்காக அனுப்பினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்துவது, வேறு யாருக்கும் தராமல் இருப்பது, வேலை முடிந்ததும் அழிப்பது என்பவை அதன் ஷரத்துகள். ஐரோப்பிய யூனியன் இதற்கென்று ஒரு மாதிரி ஒப்பந்தத்தையே வகுத்திருக்கிறது. 2021 ஜூனில் அதைப் புதுப்பித்தது. அதில் ஒரு முக்கியமான அம்சம் உண்டு. விவரத்துக்குச் சொந்தக்காரர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டாலும், அது மீறப்பட்டால் அவரே வழக்குப் போடலாம்.

இரண்டாவது, உள்விதி. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் கம்பெனி தன் கிளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதியை எழுதி, அதற்கு அரசாங்கத்தின் தரவு ஆணையத்திடம் ஒப்புதல் வாங்குகிறது.

மூன்றாவது, மறையெழுத்து. விவரத்தை யாரும் படிக்க முடியாத குறியீடுகளாக மாற்றி அனுப்புகிறார்கள். சாவி உள்ளவர் மட்டுமே அதைப் பிரித்துப் படிக்க முடியும். பூட்டு எவ்வளவு பலமானது என்பதைவிடச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம். பெட்டியையும் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்து அனுப்பினால் அந்தப் பூட்டினால் பயனில்லை.

நான்காவது, குறைத்து அனுப்புவது. சம்பளம் கணக்கிடச் சாதியும் நோயும் தெரிய வேண்டியதில்லை. அவற்றை அனுப்பாமலே இருக்கலாம். பெயருக்குப் பதில் ஒரு எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை நம் ஊரிலேயே பூட்டி வைக்கலாம். நான்கு முறைகளிலும் மிக மலிவானது இதுதான். கம்பெனிகள் மிகக் குறைவாகக் கையாள்வதும் இதைத்தான். ஏன்? விவரம் குறைந்தால் லாபமும் குறையும்!

இந்த நான்கு பூட்டுகளும் தேவையானவைதாம். ஆனால் பூட்டுகிறவனும் கம்பெனி, சோதிக்கிறவனும் கம்பெனி என்றால் என்ன நடக்கும்? மரவள்ளிக் கிழங்கு விற்கும் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழங்கின் மாவுச்சத்தை ஆலைக்காரர் கையிலுள்ள கருவி அளக்கிறது; ஆலைக்காரரே 'பாயிண்ட்' சொல்கிறார்; அந்தப் பாயிண்டுக்குத்தான் விலை. கருவியைச் சோதிக்கும் உரிமை விவசாயிக்கு இல்லாத வரையில் அந்தப் பாயிண்டை அவர் எப்படி நம்புவார்?

ஐரோப்பா தரும் படிப்பினை

அமெரிக்க உளவு ஸ்தாபனம் பெரிய இணையக் கம்பெனிகளிடமிருந்து உலக மக்களின் விவரங்களை அள்ளிக்கொண்டிருந்ததை எட்வர்ட் ஸ்னோடன் 2013-ம் ஆண்டில் வெட்ட வெளிச்சமாக்கினார். அதை ஆதாரமாகக் கொண்டு, மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவர் பேஸ்புக் கம்பெனிக்கு எதிராகப் புகார் செய்தார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே விவரம் அனுப்புவதற்கு இருந்த உடன்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2015 அக்டோபரில் ரத்து செய்தது. அதற்குப் பதிலாக வந்த உடன்பாட்டையும் 2020 ஜூலையில் ரத்து செய்தது. கம்பெனி எவ்வளவு பூட்டுப் போட்டாலும், அந்த நாட்டுச் சர்க்கார் கேட்டால் திறந்து காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது அந்தப் பூட்டுக்கு மதிப்பில்லை என்பதே தீர்ப்பின் சாரம். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனிக்கு 2023 மே மாதம் 120 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 2023 ஜூலையில் மூன்றாவது உடன்பாடு செய்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதனிடையே அமெரிக்கா 2018-ம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று எந்த நாட்டில் விவரத்தை வைத்திருந்தாலும், அமெரிக்க அதிகாரிகள் சட்டப்படி கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஷரத்து. ஏகாதிபத்தியம் இன்று பிறநாட்டுக் களஞ்சியத்துக்குச் சாவி வைத்துக்கொள்ளும் விதம் இதுதான்.

ஆனால் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு மற்றொன்று. பிரான்ஸ் நாட்டில் ஊபர் வாடகைக் கார் ஓட்டும் 170-க்கு மேற்பட்ட டிரைவர்கள் ஒரு மனித உரிமை ஸ்தாபனத்திடம் சென்று முறையிட்டனர். அந்த ஸ்தாபனம் புகார் செய்தது. ஊபரின் ஐரோப்பியத் தலைமையகம் நெதர்லாந்தில் இருப்பதால் அந்நாட்டுத் தரவு ஆணையம் விசாரித்தது. டிரைவர்களின் லைசென்ஸ், அடையாளப் பத்திரங்கள், எந்நேரம் எங்கே இருந்தார்கள் என்ற கணக்கு, கூலி விவரம், சிலருடைய மருத்துவ விவரமும் குற்ற விவரமும் கூட, போதிய காவல் இல்லாமல் இரண்டாண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்ததாக ஆணையம் கண்டது. 2024 ஆகஸ்டில் 29 கோடி யூரோ அபராதம் விதித்தது. கம்பெனி இதை ஏற்கவில்லை. அப்பீல் செய்யப் போவதாகச் சொல்லிற்று. எப்படியாயினும், ஸ்டியரிங் பிடிக்கும் தொழிலாளிகள் ஒன்றுசேர்ந்து கேட்டதனால்தான் உண்மை வெளிவந்தது. கம்பெனியின் பூட்டு தானாகப் பேசவில்லை. தொழிலாளி பேச வைத்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அதன் பிறகு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி 2018 ஜூலையில் ஒரு நகல் மசோதாவைத் தந்தது. இந்தியர்களின் சொந்த விவரத்தின் ஒரு பிரதியேனும் இந்தியாவில் இருக்க வேண்டும், மிக முக்கியமான விவரங்கள் இந்தியாவில் மட்டுமே இருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. இத்தகைய விதிகளை வர்த்தகத் தடை என்று அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் தன் ஆண்டறிக்கைகளில் பட்டியல் போட்டது. மசோதா தேய்ந்தது, 2022 ஆகஸ்டில் வாபஸ் ஆயிற்று. 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம், சர்க்கார் தடுக்கும் நாடுகளைத் தவிர உலகத்தில் எந்த நாட்டுக்கும் விவரத்தை அனுப்பலாம் என்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகளில் ஒரு நாட்டின் பெயர்கூட இல்லை. வேலி போடும் அதிகாரம் உண்டு, வேலிதான் இல்லை!

சட்டத்தில் சில நல்ல ஷரத்துகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சம்மதம் கேட்கும் கம்பெனி, என்ன விவரம், எதற்கு என்று அறிவிப்புத் தர வேண்டும். அதைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். யார் யாருக்கு நம் விவரம் போயிருக்கிறது என்று கேட்கலாம். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இந்தக் கடமைகள் அமலாவதற்கு விதிகள் வைத்த கெடு 18 மாதம்.

தொழிலாளிக்கோ இந்த நல்ல ஷரத்துகளும் எட்டாது. சட்டத்தின் 7-வது பிரிவைப் பாருங்கள். வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து பாதுகாப்பதற்காகவும் தொழிலாளியின் விவரத்தைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்தலாம் என்கிறது அது. சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்றால், சம்மதத்தோடு சேர்ந்து வர வேண்டிய அறிவிப்பும் இல்லை. விவரம் யாருக்குப் போயிற்று என்று கேட்கும் உரிமையும், சம்மதம் கொடுத்தவருக்குத்தான் என்று 11-வது பிரிவு சொல்கிறது. கடையில் சோப்பு வாங்குகிற நுகர்வோருக்கு உள்ள உரிமை, அந்தச் சோப்பைச் செய்கிற தொழிலாளிக்கு ஆலைக்குள் இல்லை! இதன் பெயர்தான் எல்லோருக்கும் பொதுவான சட்டமா?

விவரம் கசிந்து ஒருவர் நஷ்டப்பட்டால், அபராதப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு என்று 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவையும் நீக்குவதற்கு இந்தச் சட்டமே வழி செய்திருக்கிறது. அற்பப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வழக்கை விசாரிக்கும் போர்டின் தலைவரையும் உறுப்பினர்களையும் மத்திய சர்க்காரே நியமிக்கும். அதே சர்க்கார் தனக்கு வேண்டிய இலாகாக்களுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கும் அளிக்கலாம்.

போதாக்குறைக்கு, இந்தச் சட்டத்தின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தார்கள். மஸ்டர் ரோலில் யார் பெயர் இருக்கிறது, யாருக்குப் பணம் போயிற்று என்று தோண்டிக் கேட்டுத்தான் கிராமங்களில் எத்தனையோ ஊழல்களை மக்கள் பிடித்தார்கள். இப்போது 'சொந்த விவரம்' என்று ஒரே வார்த்தையில் மறுக்க அதிகாரிக்குச் சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. ஏழையின் விவரம் கடல் தாண்டலாம். ஊழல்காரனின் விவரம் தாலுகா ஆபீசைத் தாண்டக் கூடாது!

பணத்துக்கு உண்டு வேலி

எல்லை தாண்டும் விவரத்தைக் கட்டுப்படுத்துவது நடக்காத காரியம், உலக வியாபாரம் நின்றுவிடும் என்று முதலாளிகளின் பத்திரிகைகள் எழுதுகின்றன. இது வெறும் பூச்சாண்டி என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

2018 ஏப்ரல் 6-ந் தேதி ரிசர்வ் பாங்கு ஓர் உத்தரவு போட்டது. பணப் பட்டுவாடா பற்றிய விவரம் முழுவதும் ஆறு மாதத்துக்குள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்பதே உத்தரவு. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் மல்லுக்கட்டின. 2021-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகிய மூன்றும் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு தடை விதித்தது. உத்தரவுக்குக் கட்டுப்பட்ட பிறகே தடை நீங்கியது. வியாபாரம் நின்றுவிட்டதா? கார்டு தேய்ப்பது நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை.

கடன் செயலிகள் விஷயமும் அப்படியே. கொரோனா ஊரடங்கில் வேலையிழந்தவர்களுக்கு செல்போனில் கடன் கொடுத்து, அவர்கள் போனிலிருந்த நண்பர்கள், உறவினர்களின் எண்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, அவர்களை அவமானப்படுத்தி வசூல் செய்த கொடுமையில் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். அத்தகைய வழக்கு ஒன்றில் சென்னைப் போலீசார் 2021 ஜனவரியில் சீன நாட்டவர் இருவரையும் கைது செய்தனர். அதற்குப் பிறகுதான், 2022 செப்டம்பரில், கடன் விவரங்கள் இந்தியாவிலுள்ள சர்வரில் மட்டுமே இருக்க வேண்டும், கடன் வாங்குகிறவரின் போன் எண் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு விதித்தது.

பணத்தின் விவரத்துக்கு வேலி போட முடியுமானால், மனிதனின் விவரத்துக்கு ஏன் முடியாது? தொழிலாளியின் ரேகை ரூபாய் நோட்டைவிட மட்டமானதா?

வெளிநாட்டாருக்கு உள்ள காவலும் நம் கண்ணெதிரே இருக்கிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் ஐரோப்பியரின், அமெரிக்கரின் கணக்குகளையும் மருத்துவ பில்களையும் பார்க்கும் வேலை செய்கிறார்கள். அத்தகைய பல அலுவலகங்களில் செல்போனை வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வெளிநாட்டுச் சட்டமும் ஒப்பந்தமும் அவ்வளவு கெடுபிடி. அந்நியரின் விவரத்தை இத்தனை கட்டுக்காவலோடு இங்கே கையாளத் தெரிந்த முதலாளிகளுக்கு, நம் விவரத்தைக் காக்க மட்டும் வழி தெரியாதா? வழி தெரியும், கேட்பார் இல்லை என்ற தைரியம்.

உள்ளூர்க் கதை

விவரத்தை நாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் ஒரு கள்ளச் சந்தையில் கிடந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2021-ல் கண்டு சொல்லிற்று.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியின் கதை இன்னும் பெரிது. அதன் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் எண், அடையாள அட்டை நகல், இரத்தப் பரிசோதனை முடிவு, நோய் விவரம் எல்லாம் டெலிகிராம் செயலியில் கேட்டவருக்குக் கிடைத்தன என்று 2024 செப்டம்பரில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் அம்பலப்படுத்தியது. 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கிற்று. யார் மீது? அந்தத் திருடன் மீதும், துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட டெலிகிராம் மீதும். அமெரிக்காவின் கிளவுட்பிளேர் கம்பெனியையும் வழக்கில் சேர்த்தது. திருட்டு நடந்தது இங்கே. திருட்டுப் பொருள் கடை விரித்தது உலகம் முழுவதும். எல்லை தாண்டிப் போன விவரத்தைத் திரும்பப் பிடித்து வருவது எத்தனை கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கம்பெனிக்கு வக்கீல் உண்டு, கோர்ட்டு உண்டு. தன் நோய் ஊரெல்லாம் தெரிந்துபோன பாலிசிதாரருக்கு யார் உண்டு?

ரேகையும் துண்டும்

உழைப்பாளியைப் பற்றிய குறிப்பை எழுதி அடுத்தவன் கையில் கொடுத்து அவனை அடக்குவது புதிய தந்திரமல்ல. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை அங்கே 'துண்டு' என்ற காகிதம் கட்டிப் போட்டிருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தக் கடனைக் கட்டும் தோட்டம்தான் அவனை ஏற்கலாம். கடன் எப்படி வந்தது, கணக்குச் சரியா என்று கேட்க எழுத்தறியாத தொழிலாளிக்கு வழியில்லை. சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும். மனிதன் அதன் பின்னால் போவான். அந்த முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் இங்கே வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் சாதி சாதியாக மக்களின் கைரேகையைப் பதிவு செய்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ந் தேதி எதிர்த்து நின்றனர். துப்பாக்கிச் சூட்டில் பலர் மடிந்தனர். விடுதலை வந்த 1947-ம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

இன்றைய விரல் இயந்திரமும் அன்றைய ரேகைச் சட்டமும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளும் அல்ல. போலிப் பெயரில் கூலி திருடும் காண்டிராக்டரைப் பிடிக்க நல்ல கணக்கு வேண்டும் என்று கோருவது தொழிலாளிதான். ஆனால் கணக்கு இருதரப்புக்கும் தெரிய வேண்டும். முதலாளிக்குத் தொழிலாளியின் எல்லாம் தெரியும், தொழிலாளிக்கு எதுவும் தெரியாது என்றால் அதே 'துண்டு' மின்சார வேகத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றே பொருள். ஒரு ஆலையில் சங்கம் வைத்ததற்காக வெளியேற்றப்பட்டவரின் பெயர், மறுநாளே பத்து ஆலைகளின் கம்ப்யூட்டரில் ஏறினால் அதைத் தடுக்கச் சட்டத்தில் என்ன காவல் இருக்கிறது?

நமது கோரிக்கைகள்

வேலை சம்பந்தமான விவரத்துக்குச் சம்மதம் தேவையில்லை என்ற ஷரத்தை நீக்க வேண்டும். தொழிலாளியின் எந்த விவரம், எந்தக் கம்பெனிக்கு, எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைத் தமிழில் எழுதி ஆலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியிலும் அறிவிக்க வேண்டும். விரல் ரேகை, முகப் பதிவு, மருத்துவ விவரம், சாதி விவரம் ஆகியவை நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அனுப்பித்தான் ஆக வேண்டிய மற்ற விவரங்களுக்கு மறையெழுத்தின் சாவி இந்தியாவில், பொறுப்புச் சொல்லக்கூடியவர் கையில் இருக்க வேண்டும். விவரம் கசிந்தால் நஷ்ட ஈடு பாதிக்கப்பட்டவருக்கே கிடைக்க வேண்டும். விசாரிக்கும் போர்டு சர்க்காரின் கைப்பாவையாக இல்லாமல் சுயேச்சையாக இயங்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைப் பழையபடி ஆக்க வேண்டும். ரேகை பதியவில்லை என்பதற்காக ஒருவருக்கும் அரிசியோ கூலியோ மறுக்கக் கூடாது.

சட்டம் மாறும் வரையில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆலைச் சங்கமும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், கூலி உயர்வு, போனசோடு இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கட்டும். வருகைப் பதிவு இயந்திரத்தை நடத்துவது எந்தக் கம்பெனி, விவரம் எங்கே சேமிக்கப்படுகிறது, வேலையை விட்டு நின்ற தொழிலாளியின் ரேகை எப்போது அழிக்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்கட்டும். மே தினத்தன்று கூடும் கிராம சபைகளில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர் இது பற்றித் தீர்மானம் கொண்டுவரட்டும். குழுக் கடன் கூட்டத்தில் ஏஜெண்டு போட்டோ எடுக்கும் முன்பு, "இது எங்கே போகிறது? தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று மாதர் சங்கத் தோழியர் கேட்கட்டும். கேட்டதற்குப் பதில் வராவிட்டால், அந்த மௌனமே நம் பிரசாரத்துக்கு ஆயுதம்.

தனியாக ஒருவர் கேட்டால் "கையெழுத்துப் போட இஷ்டமில்லையா, வேலைக்கு வேறு ஆள் இருக்கிறது" என்பார்கள். பிரெஞ்சு டிரைவர்கள் 170 பேருக்கு மேல் சேர்ந்து கேட்டபோது கோடிக்கணக்கான யூரோ அபராதம் விழுந்தது. சேந்தமங்கலம் அடிவாரத்திலும் கொல்லிமலை மேலும் உழைக்கிற கைகள் அதைவிடப் பன்மடங்கு. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும், உள்ளூர்த் தொழிலாளியும் வடமாநிலத் தொழிலாளியும் ஒரே குரலில் கேட்க வேண்டிய நேரம் இது.

உழைப்பைக் கூலிக்கு விற்கிறோம். நம்மைப் பற்றிய விவரத்தையும் சேர்த்து விற்றுவிடவில்லை. அதற்குக் கணக்குக் காட்டச் சொல்லும் உரிமையை வென்றெடுப்போம்!